தண்டு வலிக்கச் செல்லும் பிள்ளைகள்

திருகோணமலையிற் பிறந்த பிள்ளைக்குக் கடலை யாரும் அறிமுகஞ் செய்து வைக்க வேண்டியதில்லை என்று வெளியூரவர் எண்ணுவர். உண்மை வேறு. கோணேசர் மலையில் நின்று கடலைப் பாராத பிள்ளை இங்கு இல்லை. ஆயினும், அக்கடலில் ஒரு படகைத் தன் கையால் நூறு யார் தூரம் செலுத்தத் தெரிந்த பிள்ளைகள், கடற்றொழிலாளர் குடும்பங்களை விட்டால், மிகச் சிலரே. நீந்தத் தெரிந்தோர் தொகையும் நாம் பெருமை கொள்ளத்தக்கதாக இல்லை. உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றின் கரையிலே குடியிருந்துகொண்டு, நம் பிள்ளைகளைத் தண்ணீருக்கு அந்நியராக வளர்த்து வருகிறோம்.

இதற்குக் காரணங்கள் இல்லாமலில்லை. போர்க்காலத்தில் கடலும் துறைமுகமும் நெடுநாள் கட்டுப்பாடுகளுக்குள் இருந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடலே எழுந்து ஊருக்குள் வந்தது. 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பயணப் படகு கவிழ்ந்து, பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். இவற்றையெல்லாம் கண்ட பெற்றோர், "கடற்பக்கம் போகாதே" என்று பிள்ளையைத் தடுப்பதில் வியப்பில்லை. ஆனால், அந்த ஒரு சொல் பிள்ளையைக் காப்பாற்றுமா என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். முன்னையது தண்ணீர் வீடு தேடி வந்த நாள். பின்னையது பள்ளி செல்வதற்காகத் தண்ணீரைக் கடந்த நாள். கடற்கரைக்கு விளையாடப் போனதால் நேர்ந்தவை அல்ல இவை. தண்ணீரை விட்டு விலகி வாழ முடியாத ஊரில், தண்ணீரை அறிந்து வாழ்வதே பாதுகாப்பு.

ஆதலின், பதின்மூன்று முதல் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளை விடுமுறையிற் சில நாட்கள் தங்கவைத்துத் தண்டு வலிக்கப் பழக்கும் முகாம்களைப் பற்றிப் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று. அத்தகைய முகாமில் என்ன நடக்கும், பிள்ளை எதைத் தாங்க வேண்டியிருக்கும், பெற்றோர் எதைக் கேட்டறிய வேண்டும் என்பவற்றை இங்கு கூறுவோம்.

முகாம் பிறந்த வரலாறு

பிள்ளைகளைப் படகுடன் வாழவைத்துப் பழக்கும் முறை நூறாண்டுக்கு மேற்பட்டது. 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், சாரணர் இயக்கத்தின் தந்தையான பேடன் பவல், இங்கிலாந்தின் பியூலி ஆற்றங்கரையில் நூறு சிறுவரைக் கொண்டு ஒரு முகாம் நடத்தினார். பாதிப் பேர் 'மேர்க்குரி' என்னும் பயிற்சிக் கப்பலிலும், மறுபாதிப் பேர் கரையிலும் தங்கினர். ஒரு வாரத்தின் பின் இரு பகுதியினரும் இடம் மாறினர். கடற் சாரணர் இயக்கத்தின் தொடக்கம் அதுவே.

இரண்டாம் உலகப் போர் இம்முறைக்கு வேறொரு பொருளைத் தந்தது. கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டபோது, உயிர்காப்புப் படகுகளில் ஏறிய இளம் மாலுமிகள் மனம் தளர்ந்து இறந்துபோக, வயது முதிர்ந்தோர் பிழைத்து வந்ததைக் கப்பற் கம்பனி உரிமையாளரான லோறன்ஸ் ஹோல்ட் கண்டார். இளைஞரிடம் குறைந்திருந்தது உடல் வலிமை அன்று. இடர் வந்தபோது தம்மையும் தம் தோழரையும் நம்பும் திறனே குறைந்திருந்தது என அவர் கருதினார். அவரும் கேட் ஹான் என்னும் கல்வியாளரும் சேர்ந்து 1941ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்னும் கடற்கரை ஊரில் ஏறத்தாழ ஒரு மாதத் தங்கற் பயிற்சியைத் தொடங்கினர். இன்று பல நாடுகளில் இயங்கும் 'அவுட்வார்ட் பவுண்ட்' பள்ளிகளின் மூலம் அதுவாகும்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, போர் நம் வாசலுக்கே வந்தது. யப்பானிய விமானங்கள் திருகோணமலை மீது குண்டு வீசின. இங்கிருந்து புறப்பட்டுச் சென்ற 'ஹெர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. நீரிலே தத்தளித்தோருட் பலரை 'வீட்டா' என்னும் மருத்துவக் கப்பல் மீட்டெடுத்தது. உதவி வந்து சேரும்வரை மிதந்துகொண்டிருக்கத் தெரிந்திருத்தல் எத்துணைப் பெரிது என்பதை இதனினும் தெளிவாகக் கூற முடியாது.

பிரித்தானியக் கடற்படை 1957ஆம் ஆண்டில் இத்தளத்தை இலங்கையிடம் கையளித்தது. 1967 முதல் கடற்படைக் கல்லூரி இங்கே இயங்கி வருகிறது. படகு வலித்தல் அங்கு பயிலுவோர் கற்கும் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. கொழும்பில் 1864இலும், சென்னையில் 1867இலும் தோன்றிய படகுக் கழகங்கள் முறையே பேரை வாவியிலும் அடையாற்றிலும் இன்றும் இக்கலையை வளர்க்கின்றன. இந்தியாவில், தேசிய மாணவர் படையின் கடற்பிரிவு நடத்தும் ஆண்டு முகாமிற் படகு வலித்தல் ஒரு போட்டியாகவே இருக்கிறது.

துடுப்பும் தண்டும்

பலர் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவர். துடுப்பு என்பது இரு கைகளாலும் பிடித்து, போகும் திசையை நோக்கியிருந்து, நீரைத் தள்ளுவது. தண்டு நீளமானது, படகின் விளிம்பிலுள்ள கவையிற் பொருத்தப்பட்டிருப்பது. தண்டு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருப்பார்.

வாவிப் போட்டிகளுக்குரிய படகுகள் மிக ஒடுங்கியவை. அவற்றின் இருக்கைகள் முன்னும் பின்னும் உருளும். துறைமுக நீருக்கு அவை உகந்தன அல்ல. கடற்படைகளில் நெடுங்காலம் வழக்கிலிருந்த 'வேலர்' என்னும் படகு இருபத்தேழு அடி நீளமும் அகன்ற வயிறும் உடையது. அதில் ஒருபுறம் மூன்று, மறுபுறம் இரண்டு என ஐந்து தண்டுகள் உண்டு. ஐவர் வலிக்க, ஒருவர் பின்புறத்திலிருந்து சுக்கானைப் பிடிப்பார். புதியவர்கள் இத்தகைய கனத்த படகிலேயே தொடங்குவது நல்லது. அது எளிதிற் கவிழாது, பிழையைப் பொறுத்துக்கொள்ளும்.

தண்டு வலிப்பது தோளின் வேலை என்று நினைத்து வரும் பையன் முதல் அரை மணித்தியாலத்திலேயே களைத்துப்போவான். உண்மையில் அது காலின் வேலை. பாதத்தை உறுதியாக ஊன்றி, காலால் உந்தி, முதுகைச் சாய்த்து, கடைசியிலேயே கையை மடக்க வேண்டும். தண்டின் அலகு நீருக்குள் மிக ஆழமாகப் போனாலும் கெடுதி, மேலே தடவிச் சென்றாலும் கெடுதி. ஆழ்ந்துபோன தண்டு திரும்பி வந்து மார்பில் இடித்து, வலிப்பவனைப் பின்னே தள்ளிவிடுவதும் உண்டு. எல்லோருக்கும் நேர்வது அது, வெட்கப்பட எதுவுமில்லை.

இன்னொன்று. ஐவருள் எவருக்கும் முன்னே இருப்பது தெரியாது. சுக்கான் பிடிப்பவருக்கு மாத்திரமே வழி தெரியும். அவருடைய சொல்லை நம்பித்தான் மற்றவர்கள் வலிக்க வேண்டும். ஒருவன் மிக வலியவனாயிருந்து தன் விருப்பப்படி வலித்தால் படகு வளைந்து போகும். அவனுடைய வலிமையே படகுக்குப் பகையாகிவிடும்.

ஒரு நாள் கழியும் விதம்

முதலாம் நாள் படகில் ஏற்ற மாட்டார்கள். முதலில் நீச்சற் சோதனை. அணிந்த உடையுடன் குறித்த தூரம் நீந்திக் காட்டவும், சில நிமிடம் அமைதியாக மிதக்கவும் வேண்டும். அதன்பின் உயிர்காப்பு அங்கி அணியும் முறையையும், படகு கவிழ்ந்தால் அதை விட்டு நீந்திப் போகாமல் பற்றிக்கொண்டிருக்கும் முறையையும் பழக்குவர். நீச்சல் தெரியாத பிள்ளையை முகாமுக்கு அனுப்பி அங்கேயே பழகட்டும் என்றிருப்பது தகாது. சில மாதங்களுக்கு முன்பே பழக்கிவிட வேண்டும்.

மறுநாள் முதல் ஐந்து மணிக்கே எழுப்பிவிடுவார்கள். தேநீரும் ஏதேனும் சிறு ஆகாரமும் கொண்டபின், விடியும் வேளையிலே படகுகள் நீரில் இருக்க வேண்டும். இவ்வளவு அவசரம் ஏன் என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். அதற்கு விடை காற்றிலே இருக்கிறது. ஆகஸ்டு விடுமுறை இப்பக்கத்திற் கச்சான் காற்று வீசும் காலம். அதிகாலையில் உட்துறைமுகம் பெரும்பாலும் எண்ணெய் வார்த்தாற்போல் கிடக்கும். வெயில் ஏறக் காற்றும் ஏறும். கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. கரையோரம் அமைதியாகவே தோன்றும். சற்று விலகினால், படகை வெளியே இழுத்துக்கொண்டு போகும். கொட்டியாரக் குடாவின் வாய் கிழக்கே பெருங்கடலை நோக்கித் திறந்திருப்பதை மறக்கலாகாது. திரும்பும்போது களைத்த கைகளால் காற்றை எதிர்த்து வலிக்க நேரும். இதை அறிந்த ஆசிரியர், போகும்போது காற்றை எதிர்த்துப் போய், வரும்போது காற்றோடு வருமாறு வழியை வகுப்பார். டிசம்பர் விடுமுறையோ வாடைக்காற்றும் மழையுமான காலம். தொடக்கப் பயிற்சிக்கு அது உகந்ததன்று.

ஒன்பது மணியளவிற் கரை திரும்பியதும் படகைக் கழுவித் துடைக்க வேண்டும். தண்டுகளை அதனதன் இடத்தில் வைத்த பின்னரே காலை உணவு. தண்டு வலித்த பிள்ளையின் பசி வீட்டில் கண்ட பசியன்று. இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்த இடந் தெரியாமற் போய்விடும். வீட்டிலே தட்டைத் தள்ளிவிடும் பிள்ளை, அங்கே இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்ணும். நடுப்பகலில் ஓய்வும், கயிற்று முடிச்சு, காற்றுக் குறிகள், முதலுதவி ஆகிய பாடங்களும் நடைபெறும். மாலையில் தேகாப்பியாசம். இரவு ஒன்பது மணிக்கு விளக்கணைத்துவிடுவர். அதற்கு முன்பே பலர் உறங்கிவிடுவதும் உண்டு.

மூன்றாம் நாள்

பெற்றோர் முக்கியமாக அறிய வேண்டியது மூன்றாம் நாளைப் பற்றியே. முதல் நாள் புதுமையிற் கழியும். இரண்டாம் நாள் பெருமையிற் கழியும். மூன்றாம் நாள் உள்ளங்கையிற் கொப்புளம் உடையும். தொடையும் முதுகும் படியேற விடாமல் நோகும். கூடவிருப்பவனின் குறட்டை, உப்புநீரில் ஊறிய உடை, பிழை விட்டபோது கேட்ட கடுஞ்சொல் எல்லாம் ஒன்று சேரும். அன்று மாலை வீட்டுக்குத் தொலைபேசி வரும்: "அம்மா, என்னை வந்து கூட்டிக்கொண்டு போங்கள்."

அந்த அழைப்பைக் கேட்ட தாயின் மனம் எப்பாடுபடும் என்பதை நாம் அறிவோம். ஆயினும், பிள்ளைக்குக் காய்ச்சலோ காயமோ இல்லையென்று பொறுப்பாளரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டபின், "இன்னும் இரண்டு நாள் இருந்து பார், ராசா" என்று சொல்லத் துணிய வேண்டும். நான்காம் ஐந்தாம் நாட்களிலேதான் அந்த மாற்றம் நிகழும். ஐந்து தண்டுகளும் ஒரே கணத்தில் நீருக்குள் இறங்கி, ஒரே கணத்தில் எழும். அதுவரை உருட்டிய மரம்போல் இருந்த படகு, திடீரென்று இலேசாகி ஓடும். அந்த ஓட்டத்தை ஒருமுறை உணர்ந்த பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வருவதுதான் பிறகு கடினமாயிருக்கும். மூன்றாம் நாளிலே அழைத்து வரப்பட்ட பிள்ளை நோவை மாத்திரம் அறிந்து திரும்புகிறது, அதற்கப்பாலுள்ளதை அறிவதில்லை.

பெண்பிள்ளைகளை அனுப்பலாமா என்று சிலர் தயங்குவர். ஒலிம்பிக்கில் 1976ஆம் ஆண்டு முதல் பெண்கள் இப்போட்டியிற் பங்குபற்றி வருகின்றனர். 2028ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிற் கடற்கரைப் படகோட்டமும் முதன்முறையாக இடம்பெற இருக்கிறது. அதில் ஆணும் பெண்ணும் ஒரே படகில் வலிக்கும் போட்டியும் உண்டு. தனித் தங்குமிடமும் பெண் பொறுப்பாளரும் உண்டாவெனக் கேளுங்கள். உண்டெனின் மகனுக்குச் சொன்னது மகளுக்கும் பொருந்தும்.

கேட்டறிய வேண்டியவை

துணிவு வேறு, கவலையீனம் வேறு. பணம் கட்டுமுன் பெற்றோர் இவற்றைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவான உயிர்காப்பு அங்கி உண்டா? நீச்சற் சோதனை நடத்தப்படுமா? பயிற்சிப் படகுகளின் பின்னே இயந்திரம் பூட்டிய காவற் படகு ஒன்று செல்லுமா? உயிர்காக்கப் பயின்றவர் கரையில் நிற்பாரா? காற்று மிகுந்தால் பயிற்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? துறைமுகத்திற் கடற்படைக்குரிய பகுதிகளும், பெருங்கப்பல்கள் போகும் வழிகளும் உள்ளமையால், உரிய அனுமதி பெறப்பட்டதா? இவற்றுள் ஒன்றுக்காவது மழுப்பலான விடை வந்தால், அம்முகாமுக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். அங்கு மூன்றாம் நாள் வரை காத்திருக்கவும் தேவையில்லை.

பிள்ளைக்கு இழுப்பு நோய், வலிப்பு, இருதயக் குறை ஏதேனும் இருப்பின் மறைக்காது தெரிவியுங்கள். பெட்டியிலே நீண்ட கையுள்ள மெல்லிய சட்டைகள், விளிம்புள்ள தொப்பி, மாற்றுடைகள், தண்ணீர்ப் போத்தல், காயத்துக்குக் கட்டும் துணி ஆகியவை போதும். நகையும் விலையுயர்ந்த கைத்தொலைபேசியும் வீட்டிலிருக்கட்டும்.

முகாம் முடிந்து வரும் பிள்ளையிடம் பதக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு வாரத்தில் யாரும் வீரராவதில்லை. முகம் கறுத்து, கை காய்த்து, உடை உப்பேறி வந்து நிற்கும். மறுநாள் விடியுமுன் யாரும் எழுப்பாமலே எழுந்து, வாசலில் நின்று, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று பார்க்கும். அப்படிப் பார்க்கக் கற்ற பிள்ளையை, இந்த ஊரிலே, நாம் சற்று நிம்மதியாகவே வெளியில் அனுப்பலாம்.