மின்தடத்தில் பயணிக்கும் செய்தி

ஒடிசாவின் தால்ச்சரில் பிறக்கும் மின்சாரத்தை 2,000 மெகாவாட் அளவுக்குத் தெற்கே கொண்டுவருவதற்காக 2003-இல் செயல்பாட்டுக்கு வந்த உயர் அழுத்த நேர்மின் தடம் கர்நாடகத்தின் கோலாரில் முடிகிறது. அங்கிருந்து 400 கிலோவோல்ட் மாறுமின் தடங்கள் எல்லை கடந்து, வாகனத் தொழிற்சாலைகளும் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் நிறைந்த ஓசூரை அடைகின்றன. இத்தகைய தடத்தின் இரு முனைகளிலுள்ள துணைமின் நிலையங்களும் மின் அளவுகளையும், மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்களின் நிலையையும் உடனுக்குடன் தெரிவித்துக்கொள்ள வேண்டும். அதற்கெனத் தனிக் கம்பி இழுக்காமல், மின்சாரம் ஓடும் கம்பியிலேயே செய்தியையும் ஏற்றி அனுப்பும் முறையே மின்தட ஊர்தி அலைத் தொடர்பு. மின்துறையினர் இதைப் பி.எல்.சி.சி. என்பர்.

மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைய, செய்தியைச் சுமக்கும் ஊர்தி அலையோ பெரும்பாலும் 40,000 முதல் 5,00,000 முறை வரை அலைகிறது. இவ்வேறுபாடே இரண்டையும் பிரிக்க உதவுகிறது. செய்தியைக் கம்பியில் ஏற்றும் 4,400 பிக்கோஃபாரட் மின்தேக்கி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏழு லட்சம் ஓமுக்கு மேல் தடையாகவும், 200 கிலோஹெர்ட்ஸ் அலைக்கு ஏறத்தாழ 180 ஓம் மட்டுமாகவும் அமைகிறது. துணைமின் நிலையத்தில் பீப்பாய்போல் தொங்கும் அலைத்தடுப்பி என்னும் கம்பிச்சுருள் இதற்கு நேர்மாறானது: 1 மில்லிஹென்றிச் சுருள் மின்சாரத்துக்கு 0.3 ஓம் அளவே தடை தந்து, அதே 200 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி அலையை ஏறத்தாழ 1,250 ஓம் தடையால் நிறுத்தி, செய்தி நிலையத்துக்குள் கசிந்து வீணாகாமல் காக்கிறது. 4 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலைவரிசையின் கீழ்ப்பகுதியில் பேச்சும் மேற்பகுதியில் தொலையளவீட்டுக் குறிகளும் செல்லக்கூடும்.

ஆயினும் இம்முறையின் தலையாய பணி பாதுகாப்பே. தடத்தில் பழுது நேர்ந்தால், ஒரு முனையில் பழுதை உணர்ந்து பிரேக்கரைத் திறக்கச் செய்யும் ரிலே ஏறத்தாழ 80 விழுக்காட்டுத் தொலைவுவரை மட்டுமே உடனே செயல்படும். எஞ்சிய பகுதியிலுள்ள பழுதை அடுத்த தடத்தின் பழுதிலிருந்து ஐயமறப் பிரித்தறிய இயலாமையால் சற்றுக் காத்திருக்கும். அக்காத்திருப்பு நீளும்வரை சுற்றுவட்டாரமெங்கும் மின்னழுத்தம் சரிந்து, ஆலை இயந்திரங்கள் நின்றுபோகலாம். பழுதுக்கு அருகிலுள்ள முனையோ அதை உடனே உணர்ந்து, ஊர்தி அலை வழியே மறுமுனைக்கு அறிவிப்பதால், 400 கிலோவோல்ட் தடத்துக்கு இந்திய விதிகள் வகுத்துள்ள 100 மில்லிநொடிக்குள் இரு பிரேக்கர்களும் திறக்க வழி பிறக்கிறது. செய்தி செல்லும் கம்பியே பழுதாகலாம் என்பதால், பொதுவாக இரண்டு கம்பிகளுக்கிடையே அலையை ஏற்றுகின்றனர். ஒன்று மண்ணைத் தொட்டாலும், வலுக்குறைந்தேனும் செய்தி சேர்ந்துவிடும்.

கோபுர உச்சியிலுள்ள இடிதாங்கிக் கம்பிக்குள் பொதிந்த கண்ணாடியிழை இன்று தொலையளவீட்டை மிக வேகமாகச் செய்கிறது. எனினும் அவ்விழை அறும் வேளைக்கென, பாதுகாப்புச் செய்திகளின் இரண்டாம் வழியாக ஊர்தி அலையையும் பேணிவருவதே சரியான முடிவு.