வலிமையை வென்ற பழைய கார்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்

எஞ்சினின் திறன் கூடினால் காரின் வேகம் கூடும். இதைச் சொல்ல இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை. அப்படியானால், 400 குதிரைத்திறனுக்கு மேல் கொண்ட கார்களை, சுமார் 265 குதிரைத்திறனே கொண்ட பழைய கார் ஒன்று 500 கிலோமீட்டர் பந்தயத்தில் வெல்ல முடியுமா? 1935-ஆம் ஆண்டு ஜெர்மனியில் அது நடந்தது. அந்தக் காரின் பெயர் ஆல்ஃபா ரோமியோ பி-3. அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, அவ்வெற்றியின் காரணத்தை ஆராய்வதே என் நோக்கம்.

தொடக்க காலப் பந்தயக் கார்களில் இருவர் அமர்ந்தனர். ஒருவர் ஓட்டுநர், மற்றவர் வழியில் பழுது பார்க்கும் மெக்கானிக். ஐரோப்பியப் பெரும் பந்தயங்களில் 1920-களின் நடுவிலேயே மெக்கானிக் உடன் செல்வது நின்றுவிட்டது. ஆனால் கார்களின் அகலம் உடனே குறைந்துவிடவில்லை. 1932-இல் இத்தாலியப் பொறியாளர் விட்டோரியோ யானோ, ஒருவர் மட்டுமே அமரக்கூடிய ஒடுங்கிய உடலமைப்புடன் பி-3 காரை உருவாக்கினார். காற்றின் தடை காரின் முன்பரப்பைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் அத்தடை நான்கு மடங்காகும். எனவே ஓர் இருக்கையைக் குறைப்பது எஞ்சினின் திறனைக் கூட்டுவதற்கு ஒப்பாகும்.

இன்னொரு புதுமையும் அதில் இருந்தது. அக்காலக் கார்களில் எஞ்சினின் சுழற்சியை ஒரே தண்டு பின் அச்சுக்குக் கொண்டு செல்லும். அச்சின் நடுவில் கனமான டிஃபரன்ஷியல் பெட்டி இருக்கும். யானோ அதை கியர் பெட்டிக்குப் பின்னால் கொண்டுவந்து, அங்கிருந்து கவட்டைபோல் பிரியும் இரண்டு தண்டுகளால் பின்சக்கரங்களை இயக்கினார். அச்சின் எடை குறைந்தது. எடை குறைந்த அச்சு, கரடுமுரடான சாலையில் அதிகம் துள்ளாமல் சக்கரத்தைத் தரையோடு ஒட்டியிருக்கச் செய்யும்.

1932 ஜூனில் மான்ஸாவில், தன் முதல் பந்தயத்திலேயே பி-3 வென்றது. ஓட்டியவர் டாட்ஸியோ நுவோலாரி. அதே ஆண்டு ஜெர்மன் கிராண்ட் பிரியை அதே வகைக் காரில் வென்றவர் ருடால்ஃப் கராச்சியோலா என்ற ஜெர்மானியர். ஆனால் 1933-இல் பொருளாதார நெருக்கடியால் கம்பெனி பந்தயத்திலிருந்து விலகியது. பூட்டி வைக்கப்பட்ட கார்கள் பல மாதங்களுக்குப் பிறகே என்ஸோ ஃபெராரியின் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டன.

இதற்கிடையே 1934-இல் புதிய விதி வந்தது. காரின் எடை 750 கிலோவைத் தாண்டக் கூடாது. வேகத்தைக் குறைப்பதே அதன் நோக்கம். விளைந்ததோ வேறு. நாஜி அரசின் பண உதவி பெற்ற மெர்ஸிடிஸ், ஆட்டோ யூனியன் ஆகிய இரு கம்பெனிகளும் அந்த எடைக்குள்ளேயே மிகப் பெரிய எஞ்சின்களைப் பொருத்திவிட்டன!

1935 ஜூலை 28. நூர்பர்க்ரிங் பாதை. ஒரு சுற்று சுமார் 22.8 கிலோமீட்டர், அதற்குள் 170-க்கு மேற்பட்ட வளைவுகள். மொத்தம் 22 சுற்றுகள். எதிரே ஒன்பது ஜெர்மன் கார்கள். நுவோலாரிக்கு வயது 42. அவருடைய குழுவின் மற்ற இரு கார்களும் தொடக்கத்திலேயே பழுதாகி நின்றன. பத்துச் சுற்றுகள் முடிந்தபோது அவர் முன்னணியில் இருந்தார். பெட்ரோல் நிரப்ப நின்றபோது பம்பின் கைப்பிடி உடைந்தது. கேன்களால் ஊற்ற வேண்டியதாயிற்று. இரண்டு நிமிடத்துக்கு மேல் வீணானது. ஆறாம் இடத்துக்குத் தள்ளப்பட்டவர் மீண்டும் ஒவ்வொருவராக முந்தினார். கடைசிச் சுற்றில், முன்னே சென்ற மெர்ஸிடிஸ் ஓட்டுநர் ஃபான் பிராவ்கிச்சின் பின் டயர் தேய்ந்து வெடித்தது. நுவோலாரி வென்றார். 1932-இல் வென்ற கராச்சியோலா, இப்போது மெர்ஸிடிஸில் மூன்றாவதாக வந்தார்.

இதை அதிர்ஷ்டம் என்பார் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. எஞ்சின் தரும் திறன் முழுவதும் டயர் வழியாகவே தரையை அடைய வேண்டும். வளைவில் வேகத்தை வரையறுப்பது எஞ்சின் அன்று. டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வே. உராய்வு தாங்கும் அளவைத் திறன் மீறினால் சக்கரம் வழுக்கிச் சுழலும். மீந்த ஆற்றல் வெப்பமாகி டயரைத் தின்னும். நேர்ச்சாலையில் வரமாக இருந்த அதே திறன், வளைவுகள் மிகுந்த பாதையில் டயருக்குக் கேடானது. அதைக் கணக்கிட்டு ஓட்டுநர் டயரைக் காக்க வேண்டும். பின்னால் நுவோலாரி நெருக்கிக்கொண்டே வந்ததால் பிராவ்கிச்சுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆயினும் பழையதே சிறந்தது என்று முடிவு கட்டுவது தவறு. 1935-இன் பெரிய பந்தயங்களில் பெரும்பாலானவற்றை ஜெர்மன் கார்களே வென்றன. பி-3-இன் காலம் முடிந்துகொண்டிருந்தது உண்மை. ஆனால் அந்த ஒரு நாள் நமக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. உள்ளே இருக்கும் திறன் ஓர் எண். தரையைச் சென்றடையும் திறன் வேறோர் எண். பந்தயத்தின் முடிவை எழுதுவது இரண்டாவது எண்ணே. அதை அளக்கக் குதிரைத்திறன் அட்டவணை போதாது நண்பர்களே. பாதையையும் டயரையும் ஓட்டுபவனையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.