ஈரக்காற்றிலும் இதழ் விரிக்கும் ஜினியா

மும்பை, கொல்கத்தா, கொச்சி போன்ற ஈரக்காற்று மிகுந்த நகரங்களில் பூச்செடி வளர்ப்போர் பலரும் வெப்பத்தையே முதற்பகையாகக் கருதுகின்றனர். ஜினியாவைப் பொறுத்தவரை அது சரியன்று. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி வெயிலை விரும்புவது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் நேரடி வெயில் பட்டால்தான் செழித்துப் பூக்கும். அதற்கு ஊறு செய்பவை இலைகளில் நெடுநேரம் தங்கும் ஈரமும், அசைவற்ற காற்றுமே. இதனை மனத்தில் கொண்டால் மொட்டை மாடியிலும் பால்கனியிலும் ஜினியாவை நாம் எளிதாக வளர்க்கலாம்.

காலம் அறிந்து விதைத்தல்

விதைத்த 60 முதல் 70 நாட்களில் ஜினியா பூக்கத் தொடங்கும். பிப்ரவரியில் விதைத்தால், ஜூன் மாதத்துப் பெருமழைக்கு முன்பே மலர்களைக் கண்டுவிடலாம். மேற்குக் கரையிலும் வங்கத்திலும் மழை தணியும் செப்டம்பர் இறுதி மற்றொரு நல்ல பருவம். வடகிழக்குப் பருவமழை பெறும் சென்னை போன்ற இடங்களுக்குப் பிப்ரவரி விதைப்பே ஏற்றது.

வேர்களைக் கலைப்பதை இச்செடி விரும்பாது. எனவே நாற்றாக வளர்த்துப் பெயர்த்து நடுவதினும், வளரவேண்டிய தொட்டியிலேயே விதைப்பது மேல். செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு ஆகியவற்றைக் கலந்து, நீர் எளிதில் வடியும் மண்கலவையை அமைத்துக்கொள்வோம். விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டு மெல்லிய மண்ணால் மூடினால் போதும். ஒரு வாரத்திற்குள் முளை காணும். அந்நாட்களில் மண் ஈரமாக இருக்கவேண்டும், சேறாகிவிடலாகாது. நீர் தேங்கினால் இளநாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும்.

இடைவெளியே காப்பு

முளைத்த நாற்றுகளைக் களைய மனம் வருவதில்லை. ஆயினும் உயரமாக வளரும் வகைகளுக்குச் செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் இடைவெளி இன்றியமையாதது. நெருக்கமாக நிற்கும் செடிகளிடையே காற்று புகாது, இலைகள் உலரா.

நீரைக் காலையில், வேரடியில் மட்டும் ஊற்றவேண்டும். மாலையில் இலைகள் நனைந்தால் இரவு முழுதும் ஈரம் நிற்கும். மழைத்துளி தெறிப்பதால் இலைப்புள்ளி நோய் செடிவிட்டுச் செடி பரவும். வெண்பொடி தூவியது போன்ற சாம்பல் நோயோ தெறிநீர் இல்லாமலே, காற்றோட்டமற்ற ஈரச்சூழலில் தோன்றும். நோயுற்ற இலைகளை உடனே கிள்ளி அப்புறப்படுத்துதல் நலம். நோய் அடிக்கடி தாக்கும் இடங்களில், அதனை ஓரளவு தாங்கி வளரும் ‘ப்ரொஃப்யூஷன்’ போன்ற குட்டை வகைகளைத் தேர்ந்தெடுக்கலாம்.

கிள்ளக் கிள்ளப் பூக்கும்

செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நடுநுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். வாடிய மலர்களையும் அவ்வப்போது நீக்கவேண்டும். ஜாடியில் வைப்பதற்கு மலர் பறிக்குமுன், பூவுக்குச் சற்றுக் கீழே தண்டைப் பிடித்து அசைத்துப் பார்க்கலாம். விறைப்பாக நின்றால் பறிக்கலாம். துவண்டால் இன்னும் சில நாட்கள் பொறுத்தல் நன்று.

விதையும் ஒரு சேமிப்பே

விதைப் பொட்டலம் முழுவதையும் ஒரே நாளில் தூவிவிடாமல், பருவத்திற்குள் மூன்று வாரத்திற்கொரு முறை சிறிது சிறிதாக விதைப்பது தொடர் வைப்பினைப் போன்றது. ஒரு தவணைச் செடிகள் நோயில் வீழ்ந்தாலும் அடுத்தவை கைகொடுக்கும்.

பருவ முடிவில் நலமான செடியின் சில மலர்களைப் பறிக்காது விட்டு, பழுப்பாகக் காய்ந்ததும் விதைகளைப் பிரித்து நிழலில் உலர்த்துவோம். காகித உறையில் இட்டு, காற்றுப்புகாத புட்டியில் குளிர்ந்த இடத்தில் வைத்தால் அவை அடுத்த பருவத்திற்கு உதவும். கலப்பின வகைகளின் விதை தாய்ச்செடியைப் போலவே பூக்குமென்று எதிர்பார்க்க இயலாது. நாட்டமுள்ளோர் கலப்பினமல்லாத வகைகளை வாங்குதல் சிறப்பு. ஒருமுறை வாங்கிய விதை, பின்னர் ஆண்டுதோறும் நம் வீட்டிலேயே பெருகும்.