பாட்டில் வாழும் நெல்லி

அதியமான் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனியின் புகழைப் புறநானூற்றின் 91ஆம் பாடல் நமக்குக் காத்துத் தந்துள்ளது. ஐயமறத் தெளிந்த பொருளை உள்ளங்கை நெல்லிக்கனி என்கிறோம். ஆயினும் அப்பாடலை வகுப்பிற் கற்பித்து, 'நெல்லி எது?' என்று நான் வினவும்போதெல்லாம், மாணவருட் பலர் சுட்டுவது வளவுகளிலே கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் அரைநெல்லியையே. அது வேறு மரம். ஔவை பெற்றது, ஆறு கோடுகள் ஓடும் உருண்டைக் கனியையுடைய பெருநெல்லி. சொல் வாழ, அது சுட்டும் மரம் கண்ணுக்கு மறைவது நன்றன்று.

இம்மரம் நம் நாட்டுக்குப் புதிதன்று. நில்கலைப் புல்வெளிக் காடுகளில் அது தானாகவே வளர்கின்றது. கடுக்காயும் தான்றியும் அங்கு உடன் நிற்கின்றன. திரிபலை என மருத்துவர் போற்றும் மூன்றும் ஒரே காட்டில் அயலவராய் வாழ்வது எத்துணை பொருத்தம்! நெல்லியில் உள்ள விற்றமின் சீ, தோடம்பழத்தில் உள்ளதிலும் ஏறத்தாழப் பத்து மடங்கு என்பர்.

வறட்சியை அது தாங்கும். உவர்த்தன்மையுள்ள மண்ணையும் ஓரளவு பொறுக்கும். வேரில் நீர் தேங்குவதை மட்டும் பொறாது. கொட்டைகளை வெயிலில் உலர்த்தினால் அவை தாமே வெடித்து விதைகளை உதிர்க்கும். ஆனால், விதையில் முளைத்த மரம் தாயின் குணத்தை அப்படியே கொள்வதில்லை. காய்ப்பதற்கும் ஏழெட்டு ஆண்டுகள் செல்லும்.

இக்குறையைத் தீர்ப்பது அரும்பொட்டு. நற்கனி தரும் தாய்மரத்திலிருந்து ஓர் அரும்பைப் பட்டையோடு சதுரமாகப் பெயர்த்து, ஓராண்டு நாற்றின் தண்டில் அதே அளவு பட்டை நீக்கிய இடத்திற் பொருத்திக் கட்டுவர். அரும்பு பற்றியதும் நாற்றின் தலையை வெட்டிவிட, அது துளிர்த்தெழும். இத்தகைய ஒட்டுமரம் மூன்று நான்கு ஆண்டுகளிலேயே காய்க்கத் தொடங்கும். உத்தரப் பிரதேசத்து என்.ஏ. 7, தமிழ்நாட்டுப் பவானிசாகரின் பி.எஸ்.ஆர். 1 ஆகியன இவ்வாறு பெருக்கப்படும் தெரிவினங்களே. நம் காட்டு மரங்களிலும் பெருங்கனி தருவனவற்றைத் தேடித் தெரிந்து ஒட்டுக்கட்டலாம் அன்றோ?

மற்றொன்றும் அறியத்தக்கது. நெல்லியின் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே மரத்திலிருப்பினும், பல இனங்கள் தம் மகரந்தத்தால் நன்கு காய்ப்பதில்லை. தனிமரம் பூத்தும் காய் குன்றுவது இதனாலேயே. ஆதலின், இரு வேறு இனங்களை இருபதடி இடைவெளியில் அடுத்தடுத்து நடுதல் வேண்டும்.

பயனோ பலவாகும். யாழ்ப்பாணத்து நெல்லிரசம் வேனிலில் விருந்தினரின் களைப்பைப் போக்குகின்றது. உலர்ந்த வற்றல் மருந்துக்கும், பச்சைக்காய் ஊறுகாய்க்கும் உதவுகின்றன. கிணற்று நீர் இனிக்க நெல்லிக் கட்டையை இடுவதும் முன்னோர் வழக்கம்.

ஆசிரிய நண்பர்களே! பாடசாலை தோறும் இரண்டு ஒட்டுநெல்லி நாட்டுவோம். நீண்ட வாழ்வு தரும் அருங்கனியைத் தான் உண்ணாது பிறருக்கீந்தான் அதியமான். நாம் நடும் மரத்தின் கனியையும் நமக்குப்பின் வரும் மாணவர் உண்ணட்டும். புறநானூற்றை விளக்க அதனினும் சிறந்த உரை வேறில்லை.