15 வெள்ளி 50 காசில் மீண்ட ஹார்ன்

ஜொகூரில் நான் ஓட்டும் ஹோண்டா இஎக்ஸ்5-க்கு வயது 26. 97 சிசி, 12 வோல்ட். போன மழைக்காலத்துக்குப் பிறகு ஹார்ன் மக்கர் செய்ய ஆரம்பித்தது. 10 முறை அழுத்தினால் 3 முறைதான் சத்தம் வந்தது, அதுவும் தொண்டை கட்டிய குரலில். ஒரு பட்டறையில் கேட்டேன். இடப்பக்க சுவிட்சையே முழுதாக மாற்ற வேண்டுமாம். பொருள் 28 வெள்ளி, கூலி 15, ஆக மொத்தம் 43.

பழுது எங்கே என்று தெரியாமல் 43 வெள்ளி கொடுக்க எனக்கு மனமில்லை. சோதிப்பதற்குச் செலவே கிடையாது, ஒரு சாண் கம்பி போதும். சுவிட்சின் 2 திருகுகளைக் கழற்றி, சாவியைத் திருப்பி, ஹார்ன் பொத்தானின் இரு முனைகளையும் கம்பியால் தொட்டேன். ஹார்ன் அலறியது. ஹார்னும் பேட்டரியும் நன்றாகவே இருக்கின்றன, கோளாறு பொத்தானில்தான் என்று தெளிவாகிவிட்டது.

சாவியை அணைத்துவிட்டு அதே இரு முனைகளிலும் தடை அளக்கும் மீட்டரை வைத்தேன். பொத்தானை அழுத்தும்போது 0-ஐ ஒட்டிக் காட்ட வேண்டிய மீட்டர் 4 ஓம் காட்டியது. 4 ஓம் என்ன பெரிய தடையா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் இழுக்கும் ஹார்னின் தடை ஏறத்தாழ 8 ஓம், திறன் 18 வாட். இடையில் 4 ஓம் புகுந்தால் மின்னோட்டம் 1 ஆம்பியராகக் குறைகிறது. ஹார்னுக்குப் போய்ச் சேர்வது 8 வோல்ட், 8 வாட். பாதிகூடத் தேறவில்லை.

அந்த 4 ஓமைக் கண்ணாலேயே பார்த்தேன். உளுந்தளவு பித்தளைத் தகடு, அதன்மேல் பச்சைக் களிம்பு. மழைத்தண்ணீரும் தெப்ராவ் நீரிணையின் உப்புக்காற்றும் செய்த வேலை. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் மஞ்சள் நிறம் தெரியும்வரை தேய்த்தேன். பொத்தானுக்கு அடியில் இருக்கும் குட்டி ஸ்பிரிங் துள்ளி ஓடிவிடும், ஒரு துணியை விரித்துக்கொண்டு பிரிப்பது நல்லது.

செலவு: உப்புத்தாள் 1 தாள், 1 வெள்ளி 50 காசு. மின்முனை துடைக்கும் ஸ்பிரே 1 டின், 14 வெள்ளி. அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தீரவில்லை. நேரம் 50 நிமிடம். மொத்தம் 15 வெள்ளி 50 காசு, மிச்சம் 27 வெள்ளி 50 காசு. மீட்டர் இப்போது 0.2 ஓம் காட்டுகிறது.

மிச்சமான பணத்தைவிட எனக்கு முக்கியம் அந்தச் சத்தம். மலேசியச் சாலைகளில் 2019-இல் இறந்தவர்கள் 6,167 பேர். அவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரி பக்கவாட்டில் ஒதுங்கி வரும்போது, நாம் அங்கே இருப்பதை ஓட்டுநருக்குச் சொல்ல நம்மிடம் இருப்பது அந்த ஒரு பொத்தான்தான்.

நவம்பரில் மழை தொடங்கிவிடும். அதற்குள் உங்கள் ஹார்னை 10 முறை அழுத்திப் பாருங்கள். ஒரு முறை தவறினாலும் அன்றைக்கே அந்த 2 திருகுகளைக் கழற்றிவிடுங்கள்.