உயர் இயங்கு வீச்சு ஒளிப்படம் (எச்.டி.ஆர்.)

உயர் இயங்கு வீச்சு ஒளிப்படம் என்பது, ஒரே காட்சியை வெவ்வேறு ஒளியளவில் பலமுறை எடுத்து, அவற்றை இணைத்து, ஒரு படத்துக்குள் அடங்காத வெளிச்சத்தையும் இருளையும் சேர்த்துக் காட்டும் முறையாகும். பேச்சுவழக்கில் எச்.டி.ஆர். என்ற சுருக்கப் பெயரே நிலைத்துவிட்டது. காட்சியின் மிக வெளிச்சமான பகுதிக்கும் மிக இருண்ட பகுதிக்கும் உள்ள விகிதமே இயங்கு வீச்சு. ஒளிப்படக் கலைஞர்கள் இதை ‘ஸ்டாப்’ கணக்கில் அளக்கிறார்கள். ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது. ஆகவே எட்டு ஸ்டாப் என்றால் 256 மடங்கு.

கண்ணும் கேமராவும்

சென்னை கோபாலபுரத்தில் எஞ்சியிருக்கும் பழைய தனிவீடு ஒன்றின் வராந்தாவை எடுத்துக்கொள்ளலாம். நண்பகல் நேரம். உள்ளே சிவப்பு ஆக்சைடு தரை, நிழல், ஒரு மரப் பெஞ்சு. வெளியே வெயிலில் காயும் சுண்ணாம்புச் சுவர். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் தெளிவாகத் தெரிகின்றன. சுவரைப் பார்க்கும்போது கண்ணின் பாவை சுருங்குகிறது, பெஞ்சைப் பார்க்கும்போது விரிகிறது. விழித்திரையும் தன் உணர்திறனை மாற்றிக்கொள்கிறது. இப்படித் துண்டு துண்டாகப் பார்த்ததை மூளை ஒரே காட்சியாகத் தொகுத்துவிடுகிறது.

கேமராவுக்கு இந்த வசதி இல்லை. ஒருமுறை ஷட்டர் திறந்து மூடுவதற்குள் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் பதிய வேண்டும். நேரடி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் வரை போகும். வராந்தாவின் உட்புறத்தில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். ஐ.எஸ்.ஓ. 100, அப்பர்ச்சர் எஃப்/8 என்று வைத்தால், வெளிச்சுவருக்குச் சுமார் 1/500 நொடியும் உட்புறத்துக்கு 1/2 நொடியும் தேவைப்படும். இரண்டுக்கும் நடுவே எட்டு ஸ்டாப் இடைவெளி. பெஞ்சின் அடியில் கிடக்கும் இருளையும் சுவருக்கு மேலே ஒளிரும் மேகத்தையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் கூடும். நல்ல கேமரா சென்சார்கள் 12 முதல் 14 ஸ்டாப் வரை பதியக்கூடியவை என்றாலும், அதன் கீழ்க்கோடியில் பதிவாவது பெரும்பாலும் புள்ளி புள்ளியான இரைச்சலே. எனவே வெளியைக் காப்பாற்றினால் வராந்தா கறுத்துவிடும். உள்ளைக் காப்பாற்றினால் சுவர் வெள்ளைத்தாளாகிவிடும்.

முன்னோடிகள்

இந்தச் சிக்கல் எண்ணிம கேமராவோடு பிறந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் ஒளிப்படப் பூச்சுகள் நீல ஒளிக்கு மிகை உணர்திறன் கொண்டவை. தரைக்காட்சி சரியாக விழும் நேரத்துக்குள் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து வெறும் வெள்ளையாகிவிடும். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1850களில் தம் கடற்காட்சிகள் சிலவற்றுக்கு வானத்தைத் தனி நெகடிவிலும் கடலைத் தனி நெகடிவிலும் எடுத்து, ஒரே தாளில் அச்சிட்டார். இன்றைய எச்.டி.ஆர். முறைக்கு மூதாதை என்று இதைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள்.

அதே காலத்தில் தமிழகத்தில் வேறொரு வழி கையாளப்பட்டது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப் 1857–58இல் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் மெழுகிட்ட காகித நெகடிவ்களில் பதிந்தார். வெறுமையாக விழுந்த வானத்தை அவர் விட்டுவைக்கவில்லை. தம் நெகடிவ்கள் பலவற்றில் தூரிகையால் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்தவரும் அவரே. கல்வெட்டில் ஓர் எழுத்தும் விடுபடாமல் பார்த்துக்கொண்ட அதே கை, வானத்தில் இல்லாத மேகத்தை வரைந்தது என்பது கவனிக்கத்தக்கது. லெ கிரே வானத்தையும் கேமராவால் எடுத்தார். டிரைப் அதை வரைந்தார்.

இருபதாம் நூற்றாண்டில் சார்லஸ் வைக்காஃப் அணுகுண்டு வெடிப்புகளைப் பதிவதற்காக, வெவ்வேறு உணர்திறன் கொண்ட மூன்று அடுக்குகளை ஒரே ஃபிலிமில் அமைத்தார். கணினி வழி முறைக்கு எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் மான் 1990களில் அடிகோலினார். 1997இல் பால் டெபெவெக்கும், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த ஜிதேந்திர மாலிக்கும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இத்துறையின் திருப்புமுனை. அவர்கள் எடுத்துக்கொண்ட காட்சி ஒரு தேவாலயத்தின் உட்புறம்: இருண்ட கூடம், வெயிலில் எரியும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். 30 நொடியில் தொடங்கி 1/1000 நொடி வரை 16 படங்கள் எடுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் உண்மையில் இருந்த ஒளியின் ஒப்பளவைக் கணக்கிட்டார்கள். நம் கோயில் மண்டபங்களில் தூண்களுக்கு இடையே வெயில் பாய்வதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்.

முதல் முயற்சி

தொடங்குபவர்களுக்கு வராந்தா மிக நல்ல இடம். அங்கே எதுவும் நகராது, யாரும் விரட்டவும் மாட்டார்கள். கேமராவை முக்காலியில் பொருத்தி, ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8 என்று நிலைநிறுத்த வேண்டும். ஷட்டர் வேகத்தை மட்டும் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மாற்றி 1/500, 1/125, 1/30, 1/8, 1/2 நொடி என ஐந்து படங்கள் எடுத்தால் மேற்சொன்ன எட்டு ஸ்டாப்பும் அடங்கிவிடும். அப்பர்ச்சரை மாற்றக்கூடாது. மாற்றினால் குவியத்தின் ஆழம் படத்துக்குப் படம் வேறுபட்டு, விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தாது. தானியங்கிக் குவியம், தானியங்கி வெண்சமநிலை இரண்டையும் அணைத்துவிட வேண்டும். ஜேபெக் கோப்பைவிட ரா கோப்பு நல்லது. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே உண்டு, 14 பிட் ராவில் 16,384.

பெரும்பாலான கேமராக்களில் இதைத் தானாகவே செய்யும் ‘பிராக்கெட்டிங்’ வசதி இருக்கிறது. சிலவற்றில் மூன்று படங்களுக்கு மேல் எடுக்க முடியாது. அப்போது நடு எக்ஸ்போஷரை மாற்றி இரண்டு சுற்றாக எடுக்கலாம். மிகக் குறைந்த ஒளியில் எடுத்த படத்தில் வெளிச்சுவரின் பூச்சு தெரிகிறதா, மிக அதிக ஒளியில் எடுத்ததில் பெஞ்சின் அடிப்பகுதி தெரிகிறதா என்று அங்கேயே சரிபார்ப்பது அவசியம். வீட்டுக்கு வந்தபின் தெரிந்து பயனில்லை.

சென்னைக்கென்று இரண்டு தொல்லைகள் உண்டு. குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்சில் நீராவி படியும். பையை மூடியபடியே கொஞ்ச நேரம் வெளியில் வைத்திருந்து பிறகு திறக்க வேண்டும். மற்றொன்று காற்று. கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று புகுந்ததும் இலைகள் ஆடத் தொடங்கும். ஐந்து படங்களில் ஓர் இலை ஐந்து இடங்களில் இருந்தால், இணைத்த படத்தில் அது ஆவிபோல் மங்கலாகத் தோன்றும். அவ்வை சண்முகம் சாலையில் போகும் ஆட்டோவும் இப்படித்தான் பாதி ஆட்டோவாக மிஞ்சும். கதீட்ரல் சாலையில், பழைய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த இடத்தில் 2010இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவின் மரநிழலில் படமெடுக்க விரும்புபவர்கள், காற்று எழுமுன் காலையிலேயே போவது நல்லது.

அடுத்த கட்டமாக மயிலாப்பூர் தெப்பக்குளத்தைச் சொல்லலாம். கபாலீசுவரர் கோயிலுக்கு மேற்கே குளம் இருப்பதால், விடியலில் அதன் மேற்குக் கரையில் நின்றால் சூரியன் கோயிலுக்குப் பின்னால் எழும். வானம் தகதகக்க, நம்மை நோக்கிய சுதைச் சிற்பங்கள் நிழலில் இருக்கும். ஒரே படத்தில் இது கரும் நிழலுருவாகத்தான் வரும்.

இணைத்தலும் சுருக்குதலும்

பலர் தடுமாறுவது படமெடுப்பதில் அல்ல, அதற்குப் பிறகுதான். ஐந்து படங்களை இணைத்துக் கிடைக்கும் கோப்பில் காட்சியின் ஒளி முழுவதும் இருக்கிறது. ஆனால் அதை அப்படியே காட்ட வழியில்லை. அச்சுத்தாளில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ நூறு மடங்குதான். சாதாரணத் திரையும் காட்சியின் வீச்சை எட்டாது. ஆகவே ஆயிரக்கணக்கான மடங்கை நூறு மடங்குக்குள் சுருக்க வேண்டும். இதுவே தொனிச் சுருக்கம்.

சுருக்கும் வழிகள் இரண்டு வகை. படம் முழுவதற்கும் ஒரே வளைவரையைப் பயன்படுத்துவது ஒரு வகை. இதில் படம் இயல்பாக இருக்கும், சற்றுச் சப்பென்றும் இருக்கும். மற்றொன்றில் ஒவ்வொரு பகுதியும் தன் அக்கம்பக்கத்தைப் பொறுத்துத் தனித்தனியே சரிசெய்யப்படுகிறது. நுணுக்கம் பளிச்சென்று வரும், ஆனால் அளவு மீறினால் கோபுரத்தின் விளிம்பைச் சுற்றி ஒளிவட்டம் படரும்; மேகங்கள் புகைபோல் கறுக்கும்; மனிதத் தோல் பித்தளைபோல் மின்னும். 2003இல் வந்த போட்டோமேட்டிக்ஸ் மென்பொருளுக்குப் பின் இத்தகைய படங்கள் இணையத்தில் பெருகி, எச்.டி.ஆர். என்றாலே மிகைநிறம் என்ற கெட்ட பெயரும் ஒட்டிக்கொண்டது. பழி முறையின் மேல் விழுந்தாலும், குற்றம் கடைசிவரை இழுத்துவிடப்பட்ட பட்டையின் மேல்தான். இலவசமாகக் கிடைக்கும் லுமினன்ஸ் எச்.டி.ஆர். மென்பொருளில் பல சுருக்க முறைகளை ஒரே கோப்பில் சோதித்து ஒப்பிடலாம்.

வராந்தாப் படத்தைப் பொறுத்தவரை ஒரு சோதனை போதும்: உட்புறம் வெளிச்சுவரைவிட இருண்டதாகவே தெரிகிறதா? இரண்டும் சம வெளிச்சமாகிவிட்டால் நிழல் என்பதே தொலைந்துவிடும். அது வராந்தாவாக இருப்பதும் நிழலால்தான்.

கைபேசியில்

2010இல் ஐஃபோனிலும், 2013இல் கூகுளின் நெக்சஸ் 5 கைபேசியிலும் எச்.டி.ஆர். வசதி வந்தபின் முக்காலி இல்லாமலே இது சாத்தியமாயிற்று. கூகுளின் முறை சற்று மாறுபட்டது. வெவ்வேறு எக்ஸ்போஷருக்குப் பதிலாக, ஒளி குறைவான பல படங்களை விரைந்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி கண்டது. சராசரியில் இரைச்சல் குறைவதால் இருண்ட பகுதியை உயர்த்த முடிகிறது. இன்று கைபேசியில் எடுக்கும் பெரும்பாலான படங்கள், எடுப்பவர் அறியாமலே, இப்படிப் பல படங்களின் கூட்டுத்தான்.

செய்திப் படங்களில் இது சிக்கலாகிறது. 2012ஆம் ஆண்டுக்கான உலகப் பத்திரிகை ஒளிப்பட விருதை வென்ற பால் ஹான்சனின் காசா இறுதி ஊர்வலப் படம், பல படங்களை ஒட்டிச் செய்தது என்று 2013இல் குற்றச்சாட்டு எழுந்தது. வல்லுநர்கள் ரா கோப்பை ஆராய்ந்து, தொனியும் நிறமும் திருத்தப்பட்டிருந்தாலும் அது ஒரே படம்தான் என்று முடிவு சொன்னார்கள். கட்டட ஆவணப் பதிவில் இந்தத் தடை இல்லை. ஆனால் பழைய வீடுகள் இடிபட்டு அடுக்ககங்களாகும் பகுதிகளில் எடுக்கும் படம் பின்னாளில் ஒரே சான்றாக மிஞ்சக்கூடும். இணைத்த படத்தோடு மூலப் படங்கள் ஐந்தையும், ஷட்டர் வேகக் குறிப்புகளோடு, சேர்த்துப் பாதுகாப்பதே அங்கே சரியான வழக்கம்.