ஜாபிதாவும் வமிசமும்

கொலம்பஸ் திசை தப்பி வந்து சேர்ந்த காரணத்தால், நம் தேசத்தின் பெயரை வீணே சுமந்து நிற்பவர்கள் அமெரிக்காவின் பூர்வகுடிகள். செவ்விந்தியர் என்று உலகம் அவர்களை ஒரே பெயரால் அழைத்தாலும், பாஷையாலும் ஆசாரத்தாலும் வேறுபட்ட நூற்றுக்கணக்கான ஜாதியார் அவர்களுள் உண்டு. அவர்களில் யூச்சி என்னும் சிறு ஜாதியாரின் சரித்திரம் நம் வாசகர்கள் அறியத்தக்கது. ஒருவன் தன் முன்னோரை அறிந்திருந்தால் மட்டும் போதாது, சர்க்கார் காகிதமும் அவர்களை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஏற்பட்டால் என்ன விளையும் என்பதை அது காட்டுகிறது.

யூச்சிகள் தங்களைச் சூரியனின் மக்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள். அவர்களுடைய பாஷைக்கு உலகில் வேறெந்த பாஷையோடும் உறவு இருப்பதாகப் பண்டிதர்கள் இதுவரை நிரூபித்ததில்லை. டென்னெஸ்ஸீ பிரதேசத்திலும், பின்னர் ஜார்ஜியாவில் ஸவானா, சட்டஹூச்சி நதிக்கரைகளிலும் அவர்கள் வாழ்ந்தார்கள். தாவர சாஸ்திரி வில்லியம் பார்ட்ராம் 1791-ம் வருஷத்தில் வெளியிட்ட யாத்திரை நூலில், தாம் கண்ட பூர்வகுடி ஊர்களுள் யூச்சிகளின் ஊரே மிகப் பெரியது என்று எழுதியிருக்கிறார். க்ரீக் என்று வெள்ளையர் பெயரிட்ட மஸ்கோகீ கூட்டமைப்பில் யூச்சிகள் சேர்ந்திருந்தார்கள். ஆனால் அதில் கரைந்துபோகவில்லை. அண்டை வீட்டில் குடியிருப்பவன் அந்த வீட்டாரின் பிள்ளையாகி விடுவானா?

1813-14 வருஷங்களில் நடந்த க்ரீக் யுத்தத்தில், யூச்சித் தலைவர் டிம்பூச்சி பர்னார்ட் அமெரிக்கர் பக்கம் நின்று போரிட்டார். கலிபீ ஓடைச் சண்டையில் அவர்களுடைய துருப்புகளை ஆபத்திலிருந்து காத்தார். அந்த உதவிக்குக் கிடைத்த சன்மானம் என்ன? அதே 1814-ம் வருஷத்தில் ஜெனரல் ஜாக்ஸன் விதித்த உடன்படிக்கை, நண்பர் பகைவர் என்று பாராமல் க்ரீக் நாட்டின் நிலத்தில் சுமார் 2 கோடியே 30 லட்சம் ஏக்கரைப் பறித்துக்கொண்டது. அதே ஜாக்ஸன் ஜனாதிபதியான பின் 1830-ம் வருஷத்தில் வெளியேற்றச் சட்டம் வந்தது. 1832-ம் வருஷத்தில் ஊர் ஊராகக் குடும்பத் தலைவர்களின் பெயரை எழுதினார்கள். 1836-ல் பட்டாளத்தை அனுப்பினார்கள். க்ரீக்குகளும் அவர்களோடு யூச்சிகளும் மிஸிஸிபிக்கு மேற்கே, இன்று ஓக்லஹோமா எனப்படும் பிரதேசத்துக்குத் துரத்தப்பட்டார்கள்.

அங்கேயாவது நிம்மதி கிடைத்ததா? இல்லை. நிலம் ஜாதியார் அனைவருக்கும் பொதுவாயிருப்பது வெள்ளையர் கண்ணை உறுத்தியது. 1893-ம் வருஷத்தில் நியமிக்கப்பட்ட டாஸ் கமிஷன், நிலத்தைத் தலைக்கு 160 ஏக்கராகப் பிரித்துக் கொடுப்பதற்காகக் க்ரீக் பிரஜைகளுக்கு ஒரு ஜாபிதா தயாரித்தது. தாயின் கோத்திரமே பிள்ளையின் கோத்திரம் என்று வாழ்ந்த அந்த ஜனங்களிடம், உன் உடலில் பூர்வகுடி ரத்தம் பாதியா, காலா, வீசமா என்று குமாஸ்தாக்கள் கேட்டு எழுதினார்கள். க்ரீக்குகளிடம் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற நீக்ரோவரின் சந்ததியாரைத் தனி ஜாபிதாவில் சேர்த்தார்கள். அவர்களில் பூர்வகுடி முன்னோர் உடையவர்களுக்கும் ரத்தக் கணக்கு எழுதப்படவில்லை. யூச்சி என்ற பெயரோ க்ரீக் தேசத்து ஊர்களுள் ஒன்றின் பெயராகச் சுருங்கியது. சிட்டோ ஹார்ஜோ என்னும் தீரர் தலைமையில் பலர் இந்தப் பங்கீட்டை எதிர்த்தார்கள், அவர்களைச் சிறைப்படுத்தினார்கள். 1907-ம் வருஷத்தில் ஜாபிதா முடிவு கட்டப்பட்டது.

நிலத்தைக் கூறுபோட எழுதிய அந்தக் காகிதமே இன்றும் வமிசத்துக்கு அத்தாட்சியாக இருக்கிறது. மஸ்கோகீ தேசத்தின் பிரஜையாக விரும்புகிறவர், அந்த ஜாபிதாவில் உள்ள ஒருவரின் நேர் வாரிசு என்று நிரூபிக்க வேண்டும். ஜார்ஜியாவிலும் அலபாமாவிலும் தங்கிவிட்டவர்களின் பெயர் அதில் எப்படி இருக்கும்? அலபாமாவில் நிலைத்திருந்த போர்ச் க்ரீக்குகளுக்கு 1984-ம் வருஷத்தில்தான் சர்க்காரின் அங்கீகாரம் கிடைத்தது. ரத்தத்தைப் பரிசோதிக்கும் நவீன சாஸ்திரமும், ஒருவர் யூச்சியா க்ரீக்கா என்று பிரித்துச் சொல்ல வல்லதன்று.

இருட்டிலும் சில வெளிச்சங்கள் தெரிகின்றன. க்ரீக் தேசத்தின் எல்லை சட்டப்படி என்றும் ஒழிக்கப்படவில்லை என்று 2020-ம் வருஷத்தில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. விடுதலை பெற்றோரின் சந்ததியாருக்குப் பிரஜா உரிமை உண்டு என்று, 1866-ம் வருஷத்து உடன்படிக்கையை ஆதாரமாகக் கொண்டு, மஸ்கோகீகளின் சொந்த சுப்ரீம் கோர்ட்டே 2025-ம் வருஷத்தில் தீர்மானித்தது. அநீதிக்கு ஆளானவர்கள் தாங்கள் பிறருக்கு இழைத்த அநீதியையும் திருத்த முன்வருவது பெருமைக்குரிய செயலாகும்.

ஆயினும் யூச்சிகளைத் தனி ஜாதியாராக ஏற்கும்படி அவர்கள் செய்த விண்ணப்பத்தை வாஷிங்டன் சர்க்கார் நிராகரித்துவிட்டது. அவர்கள் க்ரீக் தேசத்தின் பிரஜைகளாகவே கணக்கிடப்படுகிறார்கள். போல்கேட், டக் க்ரீக், ஸாண்ட் க்ரீக் என்னும் மூன்று மைதானங்களில் கோடைதோறும் இளஞ்சோளத் திருவிழாவை அவர்கள் நடத்தி வருகிறார்கள். தாய்ப்பாலோடு யூச்சி பாஷையைக் கற்ற கடைசி மூதாட்டியான மாக்ஸீன் வைல்ட்காட் பார்னெட் 2021-ம் வருஷத்தில் காலமானார். ஆனால் அதற்கு முன்பே பெரியவர்களிடமிருந்து பாஷையைக் கேட்டுக் கற்றவர்கள், ஸபுல்பா நகரில் குழந்தைகளுக்கு யூச்சியிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஒரு ஜாதியார் உயிரோடிருக்கிறார்களா என்பதை ஜாபிதாவைப் புரட்டிப் பார்த்து நிர்ணயிப்பது முறையன்று என்பதே நமது அபிப்பிராயம். முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு அது ஒரு கருவியாகப் பயன்படட்டும். நீதிபதியாக அமர வேண்டாம். நூறு வருஷங்களுக்கு முன் ஒரு குமாஸ்தா எழுதாமல் விட்ட பெயரைத் திருவிழா மைதானத்தில் கூடுகிறவர்களும், ஸபுல்பா பள்ளியின் குழந்தைகளும் இன்று தங்கள் வாயாலேயே சொல்லுகிறார்கள். அதைக் கேட்பதற்குச் சர்க்காருக்குக் காது வேண்டும்; அவ்வளவே.